சுண்ணாம்பாறா, பிச்சாவரமா? கடலூரிலிருந்து ஒரு நாள் படகுப் பயணத்துக்கான அலசல்

கோடை விடுமுறையிலும் பொங்கலை ஒட்டிய நாட்களிலும், கடலூரில் வீடு உள்ளவர்களுக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்து சேரும். மேற்கு மாவட்டங்களிலிருந்து வரும் உறவினர்கள் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் ஒரு மாலையைக் கழித்து, திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரரையும் திருவந்திபுரத்தில் தேவநாதப் பெருமாளையும் தரிசித்து முடித்த மறுநாள், "பக்கத்தில் படகில் போகிற மாதிரி இடம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார்கள். நமக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு இடங்கள் இருக்கின்றன. வடக்கே, புதுச்சேரி போகும் வழியில் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் படகு குழாம். தெற்கே, சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளையை ஒட்டிப் பிச்சாவரம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது வீண் அலைச்சல். ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பொங்கலுக்கு ஈரோட்டிலிருந்து பெரியம்மாவும், அவருடைய மகள் குடும்பமும், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தபோது இந்தத் தேர்வை நான் செய்ய வேண்டியிருந்தது. பிச்சாவரத்தைத் தேர்ந்தேன். அந்தத் தேர்வு சரி என்றே இன்றும் எண்ணுகிறேன். ஆனாலும் எல்லாக் குடும்பத்துக்கும் எல்லா நாளுக்கும் அதுவே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதை முடிந்தவரை விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தூரத்தையும் வசதியையும் பொறுத்தவரை சுண்ணாம்பாறுதான் முந்துகிறது. மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பிப் பெண்ணையாற்றுப் பாலத்தைக் கடந்து, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று போனால், புதுச்சேரி நகரத்தின் நெரிசலுக்குள் நுழையும் முன்பே படகு குழாம் வந்துவிடும். கடலூர்–புதுச்சேரி பேருந்துகள் எல்லாம் அந்த வழியாகத்தான் ஓடுகின்றன. பிச்சாவரத்துக்கோ சிதம்பரம் வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சொந்த வண்டி இல்லாதவர்கள் சிதம்பரத்தில் இறங்கி நகரப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். கிள்ளையில் ரயில் நிலையம் இருந்தாலும் எல்லா வண்டியும் அங்கே நிற்காது. அங்கிருந்து படகுத்துறைக்கு ஆட்டோவும் பார்க்க வேண்டும். கழிப்பறை, உணவகம், நிழலில் உட்கார்ந்து காத்திருக்க இடம் ஆகியவையும் நோணாங்குப்பத்தில்தான் கூடுதல். இவற்றைப் பற்றி இதற்கு மேல் விரிக்கத் தேவையில்லை.

சுண்ணாம்பாறு எதைத் தருகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம். செஞ்சி மலைப் பகுதியில் பிறந்து வரும் சங்கராபரணி ஆறு, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறாக அரிக்கமேட்டைத் தொட்டுக்கொண்டு போகிறது. ரோமானியர்களோடு வணிகம் நடந்ததற்கான சான்றுகளை 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தெடுத்த மேடு அது. மற்றொரு கிளைதான் சுண்ணாம்பாறு. இந்த ஆற்றின் மீது மோட்டார் படகில் முகத்துவாரம் வரை போய், கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில் இறங்குவதே இங்கே முக்கியமான பயணம். அந்த மணல் திட்டுக்குப் பாரடைஸ் பீச் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக, படகு இங்கே ஒரு வாகனம், சேருமிடம் கடற்கரை. ஆற்றின் இரு கரையிலும் தென்னைகள் நிற்பதும், தண்ணீரின் அகலம் முகத்துவாரத்தை நோக்கி விரிந்துகொண்டே போவதும் கண்ணுக்கு இதமானவைதான் என்றாலும், படகில் இருக்கும் நேரம் குறைவு, மணலில் இருக்கும் நேரமே மிகுதி.

அந்த மணல் உண்மையிலேயே நல்ல மணல். புதுச்சேரி நகரத்தின் கடற்கரைச் சாலையில் நிற்பவர்கள் காலுக்குக் கீழே கருங்கல் குவியலைப் பார்ப்பதற்குக் காரணம், 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அந்த நகர்வைச் சுவர்கள் மறித்ததால் வடக்கே இருந்த நகரக் கடற்கரை மணலை இழந்தது. பாரடைஸ் பீச் துறைமுகத்துக்குத் தெற்கே இருப்பதால் அந்த இழப்புக்குத் தப்பியது. குழந்தைகள் ஓடி விளையாடவும் வீடு கட்டவும் அதைப் போன்ற இடம் பக்கத்தில் அரிது. ஆனால் அலை வலுவானது, ஆழம் சட்டென்று இறங்கும். காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நிழல் குறைவு என்பதால் பத்து மணிக்கு மேல் மணல் கொதிக்கத் தொடங்கிவிடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் அந்த மணலில் நடக்கப் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தையும் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு, தொடர் விடுமுறை, ஆங்கிலப் புத்தாண்டு ஆகிய நாட்களில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் புதுச்சேரியை நிறைத்துவிடுகிறார்கள். அவர்களுள் பெரும்பகுதியினர் இந்தப் படகுகளுக்கும் வந்து சேர்கிறார்கள். போகும்போது ஒரு வரிசை, திரும்பும்போது மணலில் நின்றபடி இன்னொரு வரிசை. வேலை நாளில் போக முடிந்தால் இந்தக் குறை பெரிதும் நீங்கிவிடும்.

இனி பிச்சாவரம். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்கின்றன. அந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் ஓடைகளும் திட்டுகளுமாக விரிந்திருக்கும் அலையாத்திக் காடு இது. 2022-இல் இதைப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். பள்ளிக்கரணையும் கரிக்கிலியும் இதனோடு சேர்ந்து அந்தப் பட்டியலுக்குள் வந்தன. இங்கே படகு வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய் விடுவதற்காக இல்லை. படகில் இருப்பதுதான் பயணம். கரையிலிருந்து பார்த்தால் அகன்ற நீர்ப்பரப்பும் தொலைவில் ஒரு பச்சைக் கோடும் மட்டுமே தெரியும். அந்தக் கோட்டை நெருங்கி, அதில் ஒரு பிளவு தெரிந்து, அந்தப் பிளவு ஓடையாக விரிந்து, படகு அதற்குள் நுழைந்த பிறகே பிச்சாவரம் தொடங்குகிறது.

இங்கே துடுப்புப் படகும் உண்டு, மோட்டார் படகும் உண்டு. இரண்டுக்கும் கட்டண வேறுபாடு இருப்பதால் பலர் அதை மட்டும் வைத்து முடிவு செய்கிறார்கள். மோட்டார் படகு அகன்ற வாய்க்கால்களில் விரைந்து ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டித் திரும்பிவிடும். குறுகிய ஓடைக்குள் அதனால் போக இயலாது, போகவும் விடமாட்டார்கள். அதன் ஓசைக்குப் பறவைகள் முன்கூட்டியே எழுந்து போய்விடும். துடுப்புப் படகோ, இரண்டு பக்கத்து மரங்களும் தலைக்கு மேல் பின்னிக்கொண்ட ஓடைகளுக்குள் நுழையும். சில இடங்களில் துடுப்பை வீசவே அகலம் போதாது. அங்கே படகோட்டி துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, கழியைச் சேற்றில் ஊன்றி உந்துகிறார், அல்லது கிளைகளைக் கையால் பற்றி இழுத்துப் படகை நகர்த்துகிறார். "தலையைக் குனிஞ்சுக்குங்கம்மா" என்று அவர் சொல்லும்போது பெரியம்மா குனிய, கிளையொன்று அவர் கொண்டையை உரசிக்கொண்டு பின்னால் போயிற்று. அதற்குப் பிறகு அவர் கையைப் படகின் விளிம்பிலிருந்து எடுக்காவிட்டாலும், திரும்பலாம் என்று ஒரு முறை கூடச் சொல்லவில்லை.

துடுப்புப் படகு எடுத்தாலும் பிச்சாவரம் கைகூடுமா, கைகூடாதா என்பதைத் தீர்மானிக்கும் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அது ஓதம். கடல் நீர் ஏறுவதும் வற்றுவதும்.

நம் கடற்கரையில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. குஜராத்திலோ வங்காளத்திலோ இருப்பதைப் போல இந்த ஏற்றம் பல மீட்டர் இல்லை. பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கடற்கரையில் நிற்பவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. ஆனால் இடுப்பளவும் முழங்காலளவும் ஆழமுள்ள ஓடைகளுக்கு அந்த இரண்டு மூன்று அடி என்பது எல்லாமே. நீர் வற்றிய வேளையில் போனால் குறுகிய ஓடைகளுள் பலவற்றில் படகு தரை தட்டும். படகோட்டி அந்தப் பக்கம் திருப்பவே மாட்டார். அகன்ற வாய்க்காலில் மட்டும் சுற்றிவிட்டு வெயிலில் வாடித் திரும்பியவர்கள், "பிச்சாவரத்தில் என்ன இருக்கிறது, வெறும் தண்ணீரும் செடியும்தானே" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வது பொய்யில்லை. வற்றத்தில் போனால் காட்டின் வாசலோடு திரும்ப நேரிடும். நிழலும் இதனோடு சேர்ந்ததே. பிச்சாவரத்தில் நிழல் குறுகிய ஓடைகளுக்குள் மட்டுமே இருக்கிறது. அவற்றுக்குள் போக முடியாத வேளையில் நிழலும் கிடைக்காது.

அதற்காக நீர் முழுவதும் ஏறி நிற்கும் நேரமே மிகச் சிறந்தது என்றும் சொல்வதற்கில்லை. முழு ஏற்றத்தில் வேர்களெல்லாம் நீருக்குள் மூழ்கிவிடுகின்றன. இந்தக் காட்டில் பார்க்க வேண்டியவற்றுள் பாதி வேர்கள்தாம். சுரபுன்னையின் ஊன்று வேர்கள் நடு மரத்திலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றைப் பற்றி நிற்கும் காட்சியும், வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல்களைப் போல மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களும், அந்த வேர்களில் ஏறி இறங்கும் நண்டுகளும் நீர் பாதி அளவில் இருக்கும்போதுதான் தெரியும். சேற்றுத் திட்டில் இரை தேடும் கொக்கும் நாரையும் அந்த வேளையில்தான் பக்கத்தில் வரும். மேலும், நீர் உச்சத்தில் இருக்கும்போது படகும் உயர்ந்துவிடுவதால் கிளைகள் முகத்தில் அடிக்கும். ஆகவே என் கணக்கில், நீர் ஏறத் தொடங்கிப் பாதியைத் தாண்டிய வேளையில் படகு ஏறுவதே நல்லது. போகும்போது வேர்கள் தெரியும். உள்ளே இருக்கும்போது நீர் கூடிக்கொண்டே வரும். தரை தட்டும் அச்சமில்லாமல் எந்த ஓடைக்குள்ளும் நுழைந்து திரும்பலாம். இறங்கு நீரில் அந்த நிம்மதி இல்லை. படகோட்டி கழியால் ஆழத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இந்த நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? ஓதம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இன்று காலை ஒன்பது மணிக்கு நீர் உச்சத்தில் இருந்தால் நாளை அது பத்து மணியை நெருங்கும். ஒரு வாரம் கழித்து அதே ஒன்பது மணிக்குப் போனால் நீர் ஏறக்குறைய முழுவதும் வற்றியிருக்கும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பழைய நிலைக்கு வந்துவிடும். சென்ற வாரம் போன நண்பர் "காலையில் போங்கள், அருமையாக இருக்கும்" என்று சொன்னதை நம்பி இந்த வாரம் அதே நேரத்துக்குப் போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இரண்டுமே மிகுதி. அட்டமி, நவமியை ஒட்டி இரண்டுமே குறைவு. ஆகவே நேரத்தைச் சரியாகக் கணிக்க முடியாதவர்கள் அட்டமியை ஒட்டிய நாளைத் தேர்ந்தால் எந்த நேரத்துக்குப் போனாலும் பெரிய ஏமாற்றம் இராது. நேரத்தைக் கணித்துக்கொண்டு போக முடிந்தவர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் அந்த ஏற்றத்தின் முழுப் பயனையும் பெறலாம். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையம் கடற்கரை ஊர்களுக்கான ஓத நேரங்களை வெளியிடுகிறது. அதில் காணும் நேரம் திறந்த கடலுக்கானது. முகத்துவாரத்தின் வழியாக நுழைந்து ஓடைகளில் நீர் பரவச் சற்று நேரம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைவிட எளிய வழி, முதல் நாளே கிள்ளைப் பக்கத்து மீனவர் யாரையாவது தொலைபேசியில் பிடித்து, "அண்ணே, நாளைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும்?" என்று கேட்டுவிடுவது. வலை போடுகிறவர்களுக்கு அது மனப்பாடம்.

ஓதத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் காடு உயிரோடு இருப்பதே அந்த ஏற்ற இறக்கத்தால்தான். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிச் சுதந்திரத்துக்குப் பிறகும் சில பத்தாண்டுகள், பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டி எடுக்கும் வழக்கம் இருந்தது. வெட்டிய இடங்களில் ஈரம் உலர்ந்து மண் தாழ்ந்து பள்ளமாகியது. ஏற்றத்தில் வந்த கடல் நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பு மிகுந்து, கன்றுகள் முளைக்க முடியாத பொட்டலாகியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் சுற்றுக் கிராம மக்களோடும் சேர்ந்து, மீன் முள்ளைப் போல ஒரு நடு வாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஓதம் தடையின்றி வந்து போக வழி செய்து, கரைகளில் வெண்கண்டல் கன்றுகளை நட்டது. பொட்டலாகக் கிடந்த பரப்புகள் மீண்டும் பசுமையாயின. ஓடைகளின் நடுவே நேர்க்கோடாக வெட்டியதைப் போன்ற வாய்க்கால்கள் தெரிந்தால் படகோட்டியிடம் கேளுங்கள். அவற்றின் கதையை அவர்கள் ஆர்வத்தோடு சொல்வார்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இந்தக் காட்டின் பின்னே இருந்த ஊர்கள் பெருமளவு தப்பின; முன்னே மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற மீனவர் குடியிருப்புகள் சிதைந்தன. இதைச் சொல்லும்போது படகோட்டியின் குரல் தாழ்ந்துவிடுகிறது. அவர் சொல்லும் பெயர்கள் அவருடைய உறவினர்களின் பெயர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களாக நாம் அதைக் கேட்கக் கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகளுக்கும் முன்பே சொல்லி அழைத்துப் போவது நல்லது.

பிள்ளைகளுக்குக் காட்ட இங்கே நிறைய உண்டு. சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் அளவுக்கு இல்லாவிட்டாலும் பச்சை நிறத்தில் நீண்டு தொங்கி, முற்றியதும் ஈட்டியைப் போலச் சேற்றில் விழுந்து குத்தி நின்று வேர் விடுகிறது. வெண்கண்டல் இலை உறிஞ்சிய உப்பை வெளியே கசியவிடுகிறது. அதன் இலையைத் தொட்டு நாவில் வைத்துப் பார்த்த பிள்ளைகள், அடுத்த அரை மணி நேரம் தம் வகுப்பு ஆசிரியரிடம் இதை எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்டே வந்தார்கள். ஆனால் எல்லா இலையையும் இப்படித் தொட விடக் கூடாது. தில்லை மரமும் இங்கேதான் நிற்கிறது. சிதம்பரம் நடராசர் கோயிலின் தல மரம் அது. ஊருக்குள் அதைக் காண முடியாமல் போய், இந்தச் சதுப்பில்தான் மிஞ்சியிருக்கிறது. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எந்தச் செடியையும் படகோட்டியைக் கேட்காமல் கிள்ளக் கூடாது என்பதைப் படகில் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் உயராய்வு மையத்தை நடத்தும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய ஒரு சுரபுன்னைக் கலப்பினமும் இந்தக் காட்டில் கண்டறியப்பட்டதுதான். சாதாரணக் கண்ணுக்கு அதற்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடு தெரியாது.

ஓடைகளின் ஓரத்தில், கழுத்தளவு நீரில் அமிழ்ந்து, கையாலேயே இறாலைத் தடவிப் பிடித்து வாயில் கவ்விய பைக்குள் போட்டுக்கொண்டு நகரும் இருளர் குடும்பத்தினரைப் பார்க்க நேரலாம். அவர்கள் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுப்பதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, பிச்சாவரத்தில் படகுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒரு படகில் இத்தனை பேர் என்று வரம்பு. நான்கைந்து பேர் சேர்ந்து போனால் தலைக்கு விழும் தொகை தாங்கக்கூடியதே. சுண்ணாம்பாற்றில் தலைக்குக் கட்டணம் என்பதால் ஒருவரோ இருவரோ போகும்போது அதுவே சிக்கனம். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் தொகையைக் குறிப்பிடுவதில் பயனில்லை. பிச்சாவரத்தில் சீட்டு எடுக்கும்போதே எவ்வளவு நேரத்துக்கான பயணம், குறுகிய ஓடைகளும் அதில் அடங்குமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குறுகிய நேரச் சீட்டில் காட்டின் விளிம்பைத் தொட்டுத் திரும்புவதற்கே நேரம் சரியாகிவிடும். காசு கூடினாலும் நீண்ட பயணத்தையே எடுக்கச் சொல்வேன். துடுப்பு வலிக்கிறவரின் உழைப்பு எவ்வளவு என்பதை உடன் இருந்து பார்த்தவர்கள், இறங்கும்போது அவர் கையில் தனியாக ஏதேனும் கொடுக்காமல் வர மாட்டார்கள்.

சுண்ணாம்பாறு தெளிவாக மேலானது என்று நான் கருதும் சூழல்களும் உண்டு. ஐந்தாறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் படகில் அசையாமல் உட்காருவது தண்டனை. அவர்களுக்கு மணல் வேண்டும். கல்லூரி நண்பர்கள் கூட்டமாகப் போகிறார்கள், பாட்டும் சத்தமுமாக இருக்க விரும்புகிறார்கள் என்றால் அதற்கும் கடற்கரையே பொருத்தம்; காட்டின் அமைதியைக் குலைக்கத் தேவையில்லை. அரை நாள் மட்டுமே கையில் இருக்கிறது, மாலையில் புதுச்சேரியில் வேறு வேலை இருக்கிறது என்றாலும் நோணாங்குப்பத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே பயணம் ஆற்றின் நடுப்பகுதியில் நடப்பதால், ஓதக் கணக்கு எதுவும் பார்க்காமல் கிளம்பலாம் என்பது பெரிய சௌகரியம்.

படகில் தாழ்ந்து அமர்ந்து எழ முடியாத அளவுக்கு இடுப்புவலி உள்ளவர்களைப் பற்றி மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. துடுப்புப் படகில் ஏறும்போது அது ஆடும். பெரியம்மாவை இரண்டு பேர் கைப்பிடித்து இறக்கிவிட வேண்டியிருந்தது. எழுபதைக் கடந்தும் அவர் தோட்ட வேலை செய்கிற உடம்புக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படி இல்லாதவர்களுக்கு மோட்டார் படகே ஏற்றதாக இருக்கலாம். அந்த நிலையில் பிச்சாவரத்துக்கும் சுண்ணாம்பாற்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிதும் குறைந்துவிடும். அதேபோல் அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நான் விருந்தினரை அழைத்துக்கொண்டு போனதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு இடங்களிலும் படகை நிறுத்திவிடுகிறார்கள். 2011-இல் தானே புயலும் 2024-இல் பெஞ்சல் புயலும் கரையைத் தாக்கியது இந்தப் பகுதியில்தான் என்பதால் அந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. மழை ஓய்ந்த பிறகு, கான்சாகிப் வாய்க்கால் முதலியவற்றின் வழியே வரும் நன்னீரும் சேர்ந்து பிச்சாவரத்தின் ஓடைகள் நிறைந்திருக்கும். வலசைப் பறவைகளும் வந்திருக்கும். சனவரி, பிப்ரவரி மாதங்களை நான் முதலில் பரிந்துரைப்பது அதனால்தான். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருள்வார். வழியில் கிள்ளையில் இசுலாமியர்களும் பெருமாளை வரவேற்று மரியாதை செய்யும் நெடுநாள் வழக்கம் உண்டு. காணக் கிடைக்காத விழா அது. ஆனால் அன்று படகுக்கென்று போனால் போக்குவரத்தில் சிக்கிக்கொள்வீர்கள்.

படகில் ஏறுவதைவிடப் பறவை பார்ப்பதே நோக்கம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, புதுச்சேரிக்கு மேற்கே ஊசுடு ஏரிக்குப் போகலாம். 2008-இல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி அது. குளிர்காலத்தில் ஊசிவால் வாத்துகளும் நாமக்கோழிகளும் கூட்டமாக மிதக்கும். விடிந்த கையோடு போய், தொலைநோக்கியோடு கரையில் பொறுமையாக நிற்கத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டுமே அது நிறைவைத் தரும்.

பிச்சாவரத்துக்கு என்று முடிவு செய்துவிட்டால், ஓதம் ஏறும் நேரத்தை அச்சாக வைத்து அந்த நாளை அமைத்துக்கொள்ளுங்கள். நீர் முற்பகலில் ஏறும் நாள் என்றால் கடலூரிலிருந்து ஏழு மணிக்குள் கிளம்பி, நேரே படகுத்துறைக்குப் போய், கூட்டம் சேரும் முன் சீட்டை எடுத்துவிட வேண்டும். நடராசர் கோயிலில் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள் என்பதால், படகிலிருந்து இறங்கியதும் அவசரப்பட வேண்டாம். சிதம்பரத்தில் மதியச் சாப்பாட்டை முடித்து, மாலைத் தரிசனத்துக்குப் பிறகு வீடு திரும்பலாம். நீர் பிற்பகலில் ஏறும் நாள் என்றால் காலையில் கோயில், பிறகு சாப்பாடு, மூன்று மணி வாக்கில் படகு. வெயிலும் அப்போது தணிந்துகொண்டு வரும். மாலையில் கடைசிப் படகுக்கான நேரத்தை மட்டும் சிதம்பரத்தில் இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். படகுத்துறையில் சாப்பிட அதிகம் கிடைக்காது. குடிநீரும் பிள்ளைகளுக்குக் கொறிக்க ஏதேனும் ஒன்றும் வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது. உறைகளையும் பாட்டில்களையும் திரும்ப வண்டிக்கே கொண்டுவந்துவிடுங்கள். குரங்குகளுக்கு எதையும் போட வேண்டாம். தொப்பி அவசியம். பெரியவர்களுக்கு உட்காருமிடத்தில் மடித்துப் போட ஒரு துண்டு இருந்தால், நீண்ட பயணத்தின் கடைசி அரை மணி நேரத்தில் அதன் அருமை தெரியும்.